அறிக்கைத் தாளில் உள்ள எண் யாது கூறுகிறது?



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் பக்கம் பெரும்பாலும் வாழ்த்துரையாகவே அமைந்துவிடுவது வழக்கம். இம்முறை ஒரு பாடமே எழுத எண்ணினேன். பாடம் பெற்றோருக்கு உரியது. மாணவர்களும் உடனிருந்து படிக்கலாம். நம் பிள்ளைகள் ஆண்டுக்கு இருமுறை வீட்டுக்குக் கொண்டுவரும் மதிப்பீட்டு அறிக்கையை எவ்வாறு படிப்பது என்பதே அது. அதிலும் குறிப்பாக, 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடத்தில் கணினி நிரலாக்கப் பகுதிக்கு வழங்கப்படும் எண்ணை எடுத்துக்கொள்வோம். பிற பாடங்களின் எண்ணைவிட இவ்வெண்ணே நம்மில் பலரைக் குழப்பியிருக்கிறது. வீட்டில் கணினி இல்லாத பெற்றோருக்கு அப்பாடமே புதிது. அதன் எண் அதனினும் புதிது.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், அறிக்கைத் தாள் கொடுத்த மறுநாட் காலையில் ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர். வேலைக்குப் போகும் உடையிலேயே வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய மிட்டாய். "ஐயா, என் மகன் கணினிப் பாடத்தில் முதலாவதாக வந்திருக்கிறான். பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுங்கள்" என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். அப்பாடத்துக்கு நேரே 1 என்றிருந்தது. அஃது அடைவுநிலை 1. ஆறு நிலைகளுள் அடிநிலை.

நான் அதைச் சொல்லவில்லை. சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை. மிட்டாயை வாங்கி வகுப்பில் கொடுக்கச் செய்தேன். எல்லாப் பிள்ளைகளும் தின்றார்கள். அந்தப் பையன் மட்டும் தன் மிட்டாயைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

தவறு அந்தத் தாயுடையதன்று. எண்ணுக்குப் பொருள் இன்னதென ஒரு வரி எழுதாமல் தாளை அனுப்பிய என்னுடையதே. எண்ணி நோக்கின், 1 என்றால் உயர்வு என்று நம் மக்களுக்குக் கற்பித்தவர்கள் யார்? நாம்தாம். நான் பயின்ற நாளில் அறிக்கைப் புத்தகத்தில் வகுப்பில் பெற்ற இடம் எழுதப்பட்டது. 1 என்றால் அப்பா தோளில் தூக்கிக்கொள்வார். தோட்டத்திலும் அப்படியே. புகைக்கூடத்தில் வேலை செய்த முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். புகையூட்டிய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, குமிழ், தூசு, பூசணம் உண்டா என்று கண்ணால் ஆய்ந்து தரம் பிரிப்பார்கள். ஒன்றாம் நம்பர் ஷீட் சிறந்தது. ஐந்தாம் நம்பர் கடைசி. நம் பள்ளியில் ஒரு சிறுமி அடைவுநிலை 5 பெற்றுச் சென்றபோது, புகைக்கூடத்தில் உழைத்த அவளுடைய தாத்தா "ஐந்தாம் நம்பர் ஷீட்டா வாங்கி வந்தாய்?" என்று கடிந்துகொண்டாராம். பிறகு 1965ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். என்னும் தரமுறை வந்தது. அதில் எஸ்.எம்.ஆர். 5, 10, 20 என்னும் எண்கள் ரப்பரில் இருக்கத்தகும் அழுக்கைக் குறிப்பவை. எண் ஏற ஏற அழுக்கும் ஏறும். ஆக, நாற்பது ஐம்பது ஆண்டுகள் 'சிறிய எண்ணே நல்ல எண்' என்று பழகிய கண்களுக்கு முன்னால் நாம் ஒரு புதிய ஏணியைத் தலைகீழாக நிறுத்திவிட்டோம்.

அண்டை நாட்டையும் பாருங்கள். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தருகிறார்கள். அங்கே 1 தான் உச்சி. இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டு முதல் இடைநிலைப் பள்ளித் தேர்வில் எழுத்துகளுக்குப் பதில் 9 முதல் 1 வரை எண்கள்; அங்கே 9 உச்சி. சிங்கப்பூரில் உள்ள சித்தப்பா மகனும் ஈப்போவில் உள்ள பெரியப்பா மகனும் தீபாவளிக்குக் கூடும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டால் வீட்டில் வீண் சண்டைதான் மிஞ்சும். எண் தனியே நின்று எதையும் சொல்வதில்லை. அது எந்த ஏணியின் எண், ஏணியின் உச்சி எந்தப் பக்கம் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

நிற்க. நம் நாட்டில் இந்த ஏணி வந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். பெற்றோருள் பலருக்கு நினைவிருப்பது யு.பி.எஸ்.ஆர். தேர்வு. அது 1988ஆம் ஆண்டில் தொடங்கியது. கடைசியாக 2019இல் நடந்தது. 2020இல் பெருந்தொற்றால் நடைபெறவில்லை. 2021இல் அறவே நீக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிகளில் '7ஏ' என்பது ஒரு மந்திரச் சொல்லாகவே இருந்தது. 2016 முதல் அது '8ஏ' ஆயிற்று. பெற்ற பிள்ளைக்கு மாலை, நாளிதழில் படம். பெறாத பிள்ளையைப் பற்றி யாரும் எழுதவில்லை. இதற்கிடையே 2011இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வந்தபோதே பள்ளி அளவிலான மதிப்பீடும் வந்துவிட்டது. அதுவே இன்று வகுப்பறை மதிப்பீடு என வழங்குகிறது. 2020ஆம் ஆண்டில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குத் திருத்திய கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் தையல், உணவு, பயிர் வளர்ப்பு ஆகியவற்றோடு நிரலாக்கமும் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் இடம்பெறுகிறது. ஊசியில் நூல் கோக்கும் பிள்ளையே கணினிக்குக் கட்டளையும் எழுதுகிறது. இது நல்ல சேர்க்கை என்பது என் கருத்து.

இனி அடைவுநிலைகள் ஆறினையும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். எடுத்துக்காட்டு என்னுடையது, நிலைகளின் பொதுப்பொருள் கலைத்திட்டத்திற்கு உரியது. 'பால்மரம் வெட்டும் வேலையை ஓர் இயந்திரத்திற்குக் கட்டளைகளாக எழுதுக' என்று ஆசிரியர் பணிக்கிறார் என்று கொள்வோம். கணினி, சொன்னதை மட்டுமே செய்யும், சொல்லாததைச் செய்யாது என்னும் அடிப்படையை அறிந்து, ஓரிரு கட்டளைகளைச் சொல்லக்கூடியவன் அடைவுநிலை 1இல் நிற்கிறான். அவன் ஒன்றும் அறியாதவன் அல்லன் என்பதைக் கவனிக்க. வெட்டுவாயில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்த பிறகே கத்தி வைக்க வேண்டும், வரிசை மாறினால் வேலை கெடும் என்று தன் சொற்களால் விளக்குபவன் 2. ஒட்டுப்பாலை உரி, மங்கைத் துடை, பட்டையை வெட்டு, மங்கை வை, அடுத்த மரத்துக்குச் செல், நிரை முடியும்வரை மீண்டும் செய் என்று தானே எழுதிக் காட்டுபவன் 3.

நான்காம் நிலையில் ஒழுங்குமுறை சேர்கிறது. 'பட்டை மழையில் நனைந்திருந்தால் வெட்டாதே' என்னும் நிபந்தனையை அவன் சேர்ப்பான். ஏனெனில் நனைந்த பட்டையில் பால் வழியோடு மங்கில் இறங்காமல் மரமெங்கும் பரவும். எழுதியதை வரிவரியாகச் சோதித்துப் பிழை கண்டு திருத்தவும் செய்வான். அதே அறிவைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோய், எடுத்துக்காட்டாக, பள்ளித் தோட்டத்தில் மண் காய்ந்தால் நீர் பாய்ச்சும் கருவிக்குக் கட்டளை எழுதி, அதனை ஒருமுறையன்றித் தொடர்ந்து சரியாகச் செய்பவன் 5. அத்துடன் தானே புதிதாக ஒன்றைப் படைத்துப் பிறருக்கு எடுத்துக்காட்டாக விளங்குபவன் 6.

இதிலிருந்து பெற்றோர் அறியவேண்டியவற்றுள் முதன்மையானது, அடைவுநிலை 3 என்பதே எல்லாப் பிள்ளைகளும் எட்டவேண்டிய குறைந்த அளவு என்பதாகும். மூன்றை ஆறால் வகுத்து, "ஐம்பது விழுக்காடுதானா?" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். கணக்குச் சரி, பொருள் தவறு. 3 என்பது பாதி மதிப்பெண் அன்று. கற்றதைக் கையால் செய்து காட்டினான் என்பதே அதன் பொருள். ஆண்டிறுதியில் எழுதப்படும் எண் கூட்டிப் பிரித்த சராசரியும் அன்று. பேச்சு, எழுத்து, செய்முறை ஆகியவற்றில் ஆண்டு முழுவதும் கண்டதை வைத்து ஆசிரியர் தம் தொழில்சார் முடிவாகத் தருவது அது. பக்கத்து இருக்கைப் பிள்ளையோடு ஒப்பிட்டும் தரப்படுவதில்லை. ஒரு வகுப்பில் அனைவரும் 4 பெறலாம். அதனால் எவருக்கும் இழப்பில்லை.

ஆசிரியரின் முடிவு என்றவுடன், அது எப்போதும் பிழையற்றதோ என்னும் ஐயம் எழலாம். எழ வேண்டும். மேலே சொன்ன பையனின் கதையையே தொடர்கிறேன். ஒரு வாரம் கழித்து அந்தத் தாயை வரச்சொல்லி உண்மையைச் சொன்னேன். முகம் வாடிற்று. சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படியென்றால் இரண்டு வாங்க என் மகன் என்ன செய்ய வேண்டும், ஐயா?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுப் பணியில் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகளுள் இதைவிடச் சிறந்ததை நான் கேட்டதில்லை. விடை என்னிடம் இல்லை. பாட ஆசிரியரை அழைத்தோம். அவர் பையனின் பயிற்சித் தாள்களைக் கொண்டுவந்தார், எல்லாம் வெறுமை. அவரே, "வாயால் சொல்லிப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். பையன் தொடங்கினான். விடியலில் தாத்தாவோடு காட்டுக்குச் சென்ற பழக்கம் அவனுக்கு உண்டு. ஒட்டுப்பால், மங்கு, கத்தி, மழை என்று ஒன்றன்பின் ஒன்றாக, ஏன் அந்த வரிசை என்பதோடு சொல்லி முடித்தான். கட்டளை வரிசையை அவன் அறிவான், எழுதத்தான் தடுமாறினான். நாங்கள் எழுத்தில் மட்டுமே தேடியிருக்கிறோம். அடுத்த தவணையில் அவனுக்கு 2, ஆண்டிறுதியில் 3. தாளில் வரைந்த கட்டங்களையும் அம்புக்குறிகளையும் பள்ளியில் இருந்த கணினியில் தானே இயக்கிக் காட்டினான்.

மற்றொரு தாளும் வீட்டுக்கு வரும். 2022/2023 கல்வித் தவணையில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரைக்கும் அறிமுகமான கல்வித் தவணை இறுதித் தேர்வின் முடிவு அது. அதில் எண்ணுக்குப் பதில் எழுத்துகள். அத்தேர்வுக்கு வகுத்த எல்லைப்படி 82 முதல் ஏ, 66 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் டி, 20 முதல் இ, அதற்குக் கீழ் எஃப். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 81 பெற்றவளும் 66 பெற்றவளும் ஒரே பி; ஆனால் 81க்கும் 82க்கும் இடையே எழுத்தே மாறிவிடுகிறது. எனவே எழுத்தைக் கண்டவுடன் மகிழவோ வருந்தவோ வேண்டாம். எத்தனை மதிப்பெண் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இந்த எழுத்தையும் அடைவுநிலை எண்ணையும் ஒன்றாகக் கூட்டிக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஒன்று ஒரு நாள் தேர்வு. மற்றொன்று ஓராண்டின் கண்காணிப்பு.

இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் மூன்றாவது ஏணி வரும். அங்கே 2017ஆம் ஆண்டில் படிவம் ஒன்றில் 'கணினி அறிவியல் அடிப்படைகள்' என்னும் பாடம் தொடங்கியது. மேற்படிவத்தில் கணினி அறிவியலை எஸ்.பி.எம். பாடமாக எடுக்கலாம். எஸ்.பி.எம். தேர்வில் ஏ+ முதல் ஜி வரை பத்துத் தரங்கள். இ வரை தேர்ச்சி. சி வரை சிறப்புத் தேர்ச்சி. ஜி என்றால் தேர்ச்சியின்மை. மேற்படிப்புக்குச் செல்லும்போது கேட்கப்படுவது பெரும்பாலும் சிறப்புத் தேர்ச்சியே. இந்த வேறுபாடு தெரியாமல், "எல்லாம் பாஸ்தான்" என்று நிம்மதியாக இருந்துவிட்டுப் பின்னர் விண்ணப்பம் திரும்பி வந்து கலங்கிய குடும்பங்களை நான் அறிவேன்.

நான்காவதாக, தொழிற்பயிற்சியில் பெறும் மலேசியத் திறன் சான்றிதழ். கணினித் துறையிலும் அது உண்டு. அதில் நிலை 1, 2, 3 என்றிருக்கும். நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா. இந்த எண் மதிப்பெண்ணே அன்று, படி. அந்தப் படிக்குரிய வேலையைச் செய்யத் திறன் பெற்றார், அல்லது இன்னும் பெறவில்லை என்பதே அங்கு முடிவு. நிலை 1 சான்றிதழ் பெற்ற அண்ணனைப் பார்த்து, "நீயும் அடிநிலையா?" என்று தம்பி கேட்கக்கூடாது. அண்ணன் முதற்படியை முழுமையாக ஏறி முடித்திருக்கிறான்.

வரும் தவணை முதல் நம் பள்ளியின் அறிக்கைத் தாளின் பின்பக்கத்தில் ஆறு அடைவுநிலைகளின் விளக்கமும் தமிழில் அச்சிடப்படும். '6 உச்சி, 1 அடி' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். தாள் கொடுத்த வாரத்தின் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் ஆசிரியர்கள் பள்ளியில் இருப்பார்கள். படிக்க இயலாதவர்கள் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள்; வாசித்துச் சொல்கிறோம். வேலை உடையிலேயே வரலாம். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள்.