கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்!

"ஒரு சின்ன ஆராய்ச்சி சார், இங்கே கையெழுத்துப் போடுங்க." சமூகப் பணி படிக்கும் மாணவியோ, மருத்துவமனை ஊழியரோ வந்து கேட்டால் என்ன செய்வீர்கள்? 'படிச்சவங்க, நல்லதுக்குத்தானே கேட்கிறாங்க' என்று உடனே போட்டுவிடுவீர்கள், இல்லையா? நம்புவது தப்பில்லை. ஆனால், அந்த நம்பிக்கையை வைத்தே 40 வருடம் ஏமாற்றிய கதை ஒன்று உண்டு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊர். 1932-ல் அரசுப் பொது சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. மேகப்புண் எனப்படும் சிஃபிலிஸ் நோய் உள்ள 399 கறுப்பின ஆண்கள், நோய் இல்லாத 201 பேர். பெரும்பாலோர் ஏழை விவசாயிகள். "உங்களுக்குக் கெட்ட ரத்தம், வைத்தியம் பார்க்கிறோம்" என்றார்கள். உண்மையில், வைத்தியம் செய்யாமல் விட்டால் நோய் எப்படி முற்றும் என்று பார்ப்பதுதான் நோக்கம்! 1940-களிலேயே பென்சிலின் வந்துவிட்டது. இவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை.

ஏன் போனார்கள்? இலவசப் பரிசோதனை, சாப்பாடு, செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம். எல்லாவற்றுக்கும் மேலாக, யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பின நர்ஸ் மேல் அவர்களுக்கு இருந்த பிரியம். அன்பாகப் பேசுகிறவர் என்பதற்காக ஆய்வும் நல்லது என்று ஆகிவிடாது.

அதே துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966-ல் ஆட்சேபம் தெரிவித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1972-ல் விஷயம் பத்திரிகையில் வந்த பிறகே ஆய்வு நின்றது. 1997-ல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

இதன் விளைவாக 1979-ல் வெளியான பெல்மாண்ட் அறிக்கை மூன்று நெறிகளைச் சொன்னது: மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி. சமூகப் பணி மாணவர்களுக்கும் இது பாலபாடம்.

நீங்கள் கேட்க வேண்டியவை:

1. ஆய்வு எதற்காக? நடத்துவது யார்?

2. நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? (மருந்து ஆய்வு என்றால், அந்தக் குழுவில் மருத்துவம் சாராத பொதுநபரும் இருக்க வேண்டும்.)

3. இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்வீர்களா?

4. நடுவில் விலகினால் வழக்கமான வைத்தியம் தொடருமா?

5. என் விவரங்களை யார் யார் பார்ப்பார்கள்?

தமிழில் எழுதிய தகவல் தாளை வாங்கி, வீட்டில் கலந்து பேசிவிட்டுப் பதில் சொல்லுங்கள். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று எங்கள் சித்த மருந்து ஆய்வுக்கும் சலுகை காட்ட வேண்டாம். நீங்கள் "வேண்டாம்" என்றாலும் முகம் சுளிக்காதவரே நல்ல ஆய்வாளர்.