ஆயிரம் பிறை கண்ட வீரர்

திருவண்ணாமலையில் முழுநிலா நாள்தோறும் மக்கள் திரள் திரளாக மலையை வலம் வருவர். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் அவ்வழியில், கோலூன்றி நடக்கும் முதியோரையும் காணலாம். இளைஞர் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிடுவர். எண்பது ஆண்டும் சில திங்களும் வாழ்ந்தவரை ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்று போற்றி, மக்களும் பேரரும் கூடி அடிவணங்கி வாழ்த்துப் பெறுதல் நம் நாட்டு வழக்கம். இஃது இல்லத்தார் செய்யும் சிறப்பு. இவ்வாறே, ஏறத்தாழ 1,200 பிறைகளைக் கண்ட போர்வீரர் ஒருவரைச் சிறப்பிக்க ஒரு படையே முன்வந்த வரலாறும் உண்டு.

அவ்வீரர் அர்ஜன் சிங். 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள லயால்பூரில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை இம்பாலை நெருக்கியபோது, இந்திய விமானப்படையின் முதலாம் அணியைத் தலைமை தாங்கி நடத்தியவர் அவரே. 1944-இல் மவுண்ட்பேட்டன் பிரபு இம்பாலுக்கே வந்து அவருக்கு வீரப்பதக்கம் அணிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து!

1964-இல் அவர் விமானப்படைத் தலைவரானார். மறு ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பாகிஸ்தானின் டாங்கிகள் சம்ப் பகுதியில் புகுந்தன. விமானங்கள் எவ்வளவு நேரத்தில் துணைக்கு வரும் என்று பாதுகாப்பு அமைச்சர் சவாண் வினவினார். “ஒரு மணி நேரத்தில்” என்பது அவர் விடை. அன்று மாலையே விமானங்கள் களத்தின்மேற் பறந்தன. அம்மாலையில் நம் வாம்பயர் விமானங்கள் நான்கு வீழ்ந்தன என்பதையும் மறைத்தற்கில்லை. கட்டளையிடும் தலைவன் தாங்க வேண்டிய சுமை அது.

2002-இல் அவருக்கு ‘விமானப்படை மார்ஷல்’ என்னும் ஐந்து விண்மீன் தகுதி வழங்கப்பெற்றது. நம் விமானப்படையில் அதனைப் பெற்றவர் அவர் ஒருவரே. தம் பண்ணை நிலத்தை விற்று, ஓய்வுபெற்ற விமானப்படையினரின் நலனுக்காக இரண்டு கோடி ரூபாய் அளித்தார். தமக்கு வந்த சிறப்புகளைவிட இதனையே அவர் பெரிதாக எண்ணியிருப்பார் என்று தோன்றுகிறது.

அவருடைய 97-ஆம் பிறந்த நாளையொட்டி, 2016 ஏப்ரலில், மேற்கு வங்காளத்துப் பானாகர் விமானத்தளத்திற்கு அவர் பெயர் சூட்டப்படும் என்று அந்நாளைய விமானப்படைத் தலைவர் அரூப் ராகா அறிவித்தார். இத்தகைய பெயர்களை மறைந்தோருக்கே சூட்டுவது வழக்கம். தம் பெயர் ஒரு விமானத்தளத்திற்கு விளங்குவதை அவர் உயிருடன் இருந்து கேட்டார்.

அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்ததொன்றைத் தமிழர் நன்கறிவர். 2015 ஜூலை 27-ஆம் நாள் ஷில்லாங்கில் அப்துல் கலாம் மறைந்தார். மறுநாள் அவரது உடல் தில்லிப் பாலம் விமான நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டது. இராமேசுவரத்தில் பிறந்த அவர், அர்ஜன் சிங்கைவிடப் பன்னிரண்டு ஆண்டு இளையவர். ஆயினும் முப்படைகளின் தலைமையை ஒருகாலத்தில் ஏற்றிருந்தவர். அஞ்சலி செலுத்த, 96 வயது நிரம்பிய அர்ஜன் சிங் சக்கர நாற்காலியில் வந்தார். அமர்ந்தவாறே வணங்கியிருந்தாலும் யாரும் குறை கூறியிரார். அவரோ நாற்காலியை விட்டு எழுந்தார். தள்ளாடும் உடலை நிமிர்த்தினார். வலக்கையை உயர்த்திப் படைவீரர் முறைப்படி வணக்கம் செலுத்தினார்.