மிதிவண்டியும் களவுக் காப்பீடும்

இன்ஷியூரன்ஸ் என்றதும் கப்பலும் ஆலையும் மாளிகையுமே மாணவர் பலர்க்கு நினைவில் எழும். ஆயினும் அதன் தத்துவம் முழுவதையும் ஒரு மிதிவண்டியைக் கொண்டே விளக்கிவிடலாம். நகரத்தில் மிதிவண்டி வைத்திருப்பவன் அதனைக் களவுக்கு எதிராகக் காப்பீடு செய்துகொள்ளல் தக்கதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் திருவள்ளூர்ப் பக்கமே ஏற்ற களம். திருவள்ளூரினின்று சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையிலுள்ள அம்பத்தூரிலேதான் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பெற்றது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை விளங்குகின்றது. சிற்றூரிலிருந்து விடியுமுன் புறப்படும் தொழிலாளி ஒருவன், புகைவண்டி நிலையம் வரை மிதிவண்டியில் வந்து, அதனை ஸ்டாண்டில் விட்டு, மின்சார ரயிலேறி வேலைக்குச் செல்கின்றான். இரவு முறை முடிந்து திரும்புங்கால் வண்டியைக் காணோம் எனின், அவன் இழந்தது இரும்பும் ரப்பரும் மட்டுமன்று. மறுநாள் உரிய வேளையில் ஆலைவாயிலை அடையும் வழியையும், அதனால் வரும் கூலியையும் இழந்தவனாகின்றான்.

இனி, சட்டத்தின் நிலையை நோக்குவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனங்கட்கே இன்ஷியூரன்ஸைக் கட்டாயமாக்குகின்றது. காலால் மிதித்துச் செலுத்தும் வண்டி அதன்கண் அடங்காது. ஆதலின் இஃது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. வீட்டுப் பொருள்களுக்குரிய பாலிசியில் மிதிவண்டிக்கென ஒரு பிரிவு அமைத்தல் நம் நாட்டுக் கம்பெனிகளின் நெடுநாளைய வழக்கம்.

நிற்க. கணக்கிற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். வண்டியின் விலை ரூ. 8,000, ஆண்டுக் கட்டணம் வரி உட்பட ரூ. 400; தேய்மானமும் பிற பிடித்தங்களும் போக, களவு நேர்ந்தால் கைக்கு வருவது ரூ. 5,000. நூறு பேர் கட்டும் தொகை ரூ. 40,000, அஃது எட்டு வண்டிகளுக்கு ஈடு கொடுக்கப் போதும். எனவே, நூற்றுக்கு எட்டு வண்டிகளுக்கு மேல் ஓராண்டில் களவு போகும் இடத்திலேதான் கட்டணம் கட்டுவோர்க்கு மொத்தத்தில் இலாபம் உண்டு. கம்பெனியாரோ குமாஸ்தா சம்பளமும் ஏஜண்டு கமிஷனும் இத்தொகையினின்றே கொடுத்தல் வேண்டும். ஆகையால் களவு எட்டுக்குக் குறைவாகவே நேரும் எனக் கணித்தாலன்றி அவர்கள் இக்கட்டணத்திற்கு உடன்படார். சிறு பொருட்கு இவ்வாறு செலவிடுதல், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழிக்கு இலக்காதல் கூடும்.

அங்ஙனமாயின் இன்ஷியூரன்ஸே வீண் என்பதா? அன்று. நிச்சயமான சிறு நஷ்டத்தை ஏற்று, தாங்கவொண்ணாப் பெரு நஷ்டத்தினின்று தப்புதலே அதன் பயன். ஆதலால் கேட்கத்தக்க முதல் வினா, "களவு போகுமா?" என்பதன்று, "போனால் தாங்குவேனா?" என்பதே. மறுநாளே வேறொன்று வாங்க வல்லவனுக்கு ரூ. 8,000 வண்டிக்குக் காப்பீடு வேண்டா. அறுபதினாயிரம் ரூபாய் வண்டியைக் கடன் பட்டு வாங்கியவனுக்கு அது வேண்டுவதாகலாம்.

முற்கூறிய தொழிலாளியின் நிலையோ இரண்டினும் வேறு. அவனால் தாங்கவும் இயலாது. காப்பீட்டின் நிபந்தனைகளை நிறைவேற்றலும் அரிது. வாங்கிய ரசீது, வண்டி எண், பூட்டியிருந்தமைக்குச் சான்று, போலீஸ் அறிக்கை ஆகியன பெரும்பாலும் கேட்கப்படும். பழைய வண்டிக்கு ரசீது ஏது? மேலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டங்களின்படி, ரூ. 5,000க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளின் களவை மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் போலீசார் புலன்விசாரணை செய்தல் இயலாது. ஏழையின் பழைய மிதிவண்டி பெரும்பாலும் இவ்வரம்பிற்குள் அடங்குவதே. எல்லாம் கைகூடினும் பணம் வருதற்கு நாளாகும். அவனுக்கு வண்டி வேண்டுவதோ நாளைக் காலையில்.

ஆகவே, காப்பீட்டிற்கு முன்னர்ச் செய்யத்தக்கன சில உள. பெடல் அச்சின் அடியிலோ அதன் அருகிலோ பிரேமில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்து, ரசீதையும் வண்டியின் படத்தையும் பாதுகாத்தல் ஒன்று. ஜப்பானில் மிதிவண்டிகளைப் பதிவு செய்தல் சட்டப்படி கடமையாயிருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. சக்கரத்தோடு பிரேமையும் சேர்த்து அசையாத் தூணொன்றில் பூட்டுதல் இரண்டாவது. ஸ்டாண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்தல் மூன்றாவது. கூலி பெற்று வண்டியைத் தம் பொறுப்பில் ஏற்றவர், சாமானிய விவேகமுள்ளவன் தன் பொருளைக் காப்பது போல் அதனைக் காத்தல் வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. விடுதியொன்றில் ஒப்படைத்த கார் களவுபோன வழக்கில், "உரிமையாளர் பொறுப்பு" என்று சீட்டில் அச்சிட்டதனால் மட்டும் அசட்டைக்குரிய பொறுப்பு நீங்காது என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இறுதியாக நம் விடுதி மாணவர்க்கு ஒன்று கூற விழைகின்றேன். மிதிவண்டியுடைய நூறு பேர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு ரூபாய் இட்டால் ரூ. 10,000 சேரும். களவு கொடுத்தவனுக்கு மறுநாளே பழைய வண்டியொன்று வாங்க அதிலிருந்து உதவலாம். எஞ்சியது அடுத்த ஆண்டிற்கு நிற்கும். பூட்டாது விட்டவனுக்கு உதவி இல்லை என்னும் விதி ஒன்று இன்றியமையாதது. இன்றேல் ஜாக்கிரதையுள்ளவன் பணம் அசட்டையுள்ளவனுக்கே சென்று தீரும். இன்ஷியூரன்ஸ் முதன்முதல் தோன்றியதும் இங்ஙனம் பலர் கூடி ஒருவன் இழப்பைப் பகிர்ந்துகொண்டதனாலன்றோ? புத்தகத்தில் பயின்ற பொருளாதாரத்தை விடுதி வாயிலிலேயே சோதித்துப் பார்க்க இதனினும் எளிய வழி வேறில்லை.