தண்ணீரைப் பார்த்து நிறத்தை எடு

அன்புள்ள மருமகனே,

டெக்சாஸ் ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கக் கிளம்பியிருக்கிறாய். கடையில் போலி இரைகள் எல்லா நிறத்திலும் தொங்குகின்றன, எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். அதைக் கடையில் நின்று முடிவு செய்ய முடியாது. கரையில் நின்று தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

முதலில் மீனின் கண். நிறம் காட்டும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்று வகை. பெருவாய் பாஸுக்கு இரண்டே வகை. ஒன்று பச்சைக்கு, மற்றது சிவப்புக்கு. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையில், அது சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தது. கறுப்பையும் நீலத்தையும் குழப்பிக்கொண்டது. வெள்ளைக்கும் ‘ஷார்ட்ரூஸ்’ என்கிற மஞ்சள்பச்சைக்கும் இடையே தடுமாறியது. இந்த ஜோடிகளில் ஒன்று பெட்டியில் இருந்தால் மற்றதைத் தேடி அலையாதே.

அடுத்து தண்ணீர். வெள்ளை இரை ஒன்றை நூலில் கட்டி மெல்ல இறக்கு. ஐந்தாறு அடி ஆழத்திலும் தெரிந்தால் தெளிந்த நீர். ஓரடிக்குள் மறைந்தால் கலங்கல்.

ஆஸ்டின் பக்கத்து டிராவிஸ் ஏரி தெளிந்தது. அங்கே மீன் இரையை நிதானமாகப் பார்க்கும். இயற்கையை ஒத்த நிறமே எடுபடும். அடியில் ஊர்ந்து போகும் இரைக்குப் பழுப்பேறிய பச்சை, அதாவது ‘கிரீன் பம்ப்கின்’. நீந்தும் இரைக்கு, ஷாட் என்ற சிறுமீனின் வெள்ளிச் சாம்பல். தெளிந்த நீரிலும் ஆழம் போகப்போகச் சிவப்பொளிதான் முதலில் மங்கும். அங்கே சிவப்பு இரை வெறும் கருமையாகவே தெரியும்.

மழைக்குப் பின் சேறு கரைந்த நீரில் கணக்கே வேறு. நிறத்தின் நுணுக்கம் அங்கே எடுபடாது. உருவம் எடுப்பாகத் தெரிய வேண்டும். கறுப்பும் நீலமும் கலந்த ஜிக் (கனத்த தலை கொண்ட தூண்டில்), அல்லது ஷார்ட்ரூஸ் நிற ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு கொண்ட இரை) போடு. பாஸ் தன் உடலின் பக்கக்கோட்டால் அதிர்வை உணரும். ஆகவே நன்றாக அதிரும் அகன்ற தகடு உள்ளதாகப் பார்த்து எடு.

லூசியானா எல்லையில் கேடோ ஏரி. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே தண்ணீர் பால் விடாத தேநீராக இருக்கும். இலைச்சாறு கரைந்த அந்த நீர் நீல ஒளியை விழுங்கிவிடும். சிவப்புப் பக்கத்து ஒளிதான் மிஞ்சும். அங்கே அடர் ஊதா, கறுப்பு போன்ற இருண்ட நிறங்கள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும்.

தண்ணீரோடு பருவத்தையும் பார். வசந்தத் தொடக்கத்தில் ஆழமில்லாத இடங்களில், பாஸ் தின்னும் செந்நிறக் கிராஃபிஷ் (நன்னீர் இறால் வகை) நடமாடும். அப்போது சிவப்பு இரைக்கு மவுசு. சாம் ரேபர்ன் ஏரியின் பெயரிலேயே ‘ரேபர்ன் ரெட்’ என்றொரு நிறம் விற்கிறது. இரவிலோ கறுப்புதான். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு, வானத்தின் மங்கிய வெளிச்சத்தில் கறுத்த உருவமே துலக்கமாகத் தெரியும்.

ஆகவே இப்போதைக்குக் கிரீன் பம்ப்கின், கறுப்பு-நீலம், ஷார்ட்ரூஸுக்கும் ஈடாகும் வெள்ளை ஆகிய மூன்றும் போதும். மீன் கடிக்கவில்லை என்றால் உடனே நிறத்தை மாற்றாதே. முதலில் ஆழத்தை மாற்று, பிறகு இழுக்கும் வேகத்தை, நிறம் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் ஏரி, தெளிவு, வானம், நிறம் நான்கையும் நோட்டில் குறித்து வை. ஒரு வருடம் குறித்தால், உன் ஏரிக்கு எந்த நிறம் என்று என்னைக் கேட்க வேண்டியிராது.

அன்புடன்,
மாமா