பின்குஷன் வளர்க்கும் தம்பிக்கு



கேப் டவுன் வீட்டின் முன்பக்கத்துக்குத் தண்ணீர் அதிகம் கேட்காத செடி வேண்டுமென்று பின்குஷன் வாங்கி வைத்திருக்கிறாய். நல்ல தேர்வு. ஆனால் நீ அனுப்பிய படத்தில் பூ மட்டும்தான் இருக்கிறது. பூவின் நிறத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. பின்குஷன்கள் அடங்கிய லியூகோஸ்பெர்மம் பேரினத்தில் ஏறக்குறைய 48 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை உன்னைச் சுற்றியுள்ள மேற்கு கேப் மலைகளுக்கும் கடலோரத்துக்கும் உரியவை. அவற்றில் ஓலிஃபோலியம் இளமஞ்சளாக விரிந்து சிவப்பாக முதிரும். இன்று பார்ப்பவரும் மூன்று வாரம் கழித்துப் பார்ப்பவரும் அதற்கு வேறு வேறு பெயர் சொல்லிவிடக்கூடும்.

பூத்தலையில் நீட்டி நிற்கும் ஊசிகளை முதலில் கவனி. அவை சூல்தண்டுகள். மொட்டாக இருக்கும்போதே மகரந்தப்பைகள் தங்கள் தூளைத் தண்டின் நுனிக் குமிழில் கொட்டிவிடுகின்றன. பிறகுதான் இதழ்கள் பிரிந்து சுருள, தண்டு விடுபட்டு நிமிர்கிறது. பாதி விரிந்த பூத்தலைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனால், நுனி இன்னும் மாட்டிக்கொண்டு வில்லாக வளைந்து நிற்கும் தண்டுகளைப் பார்க்கலாம். தேன் குடிக்க வரும் நீண்டவால் சர்க்கரைப்பறவையின் தலையில் அந்தத் தூள் ஒட்டிக்கொள்ளும்.

விரிந்த பிறகு ஊசிகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார். கீழ்நோக்கி மடிந்து, சாம்பல் பூத்த இலைகளோடு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தால் ரிஃப்ளெக்ஸம். சங்குசக்கரம் போலச் சுழன்று நின்றால் கேத்தரினே. நேராக நின்றால் செடியின் மற்ற பாகங்களைப் பார்க்க வேண்டும். அகலப் படர்ந்த புதர், இலையின் அடி இதய வடிவம், பூத்தலை கிளையில் பக்கவாட்டில் சாய்ந்திருப்பது, இவையெல்லாம் சேர்ந்தால் கார்டிஃபோலியம். மஞ்சள் பூவோடு தடித்த மரமாகவே நின்றால் கோனோகார்போடெண்ட்ரான். அடித்தண்டில் மரு மருவாகப் புடைத்திருந்தால் குனிஃபார்மே; காட்டுத்தீக்குப் பிறகு அது அடியிலிருந்தே துளிர்க்கும். கார்டிஃபோலியம் தீயில் மடிந்துவிடும், விதையிலிருந்துதான் திரும்ப வரும். நர்சரியில் வாங்கியது கலப்பினமாகவும் இருக்கலாம். ‘ஸ்கார்லெட் ரிப்பன்’ கிளாப்ரமும் டோட்டமும் கலந்து வந்தது. அதனால் செடியோடு வந்த பெயர்ச்சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே.

இவ்வளவு பாடு எதற்கு என்று நினைக்காதே. பெயர் தெரிந்தால் செடி எந்த மண்ணில் பிறந்தது என்பது தெரியும். பெரும்பாலான பின்குஷன்கள் சத்துக் குறைந்த, புளிப்புத்தன்மையுள்ள மணலுக்குப் பழகியவை. பாட்டர்சோனி சுண்ணாம்புப் பாறையில் வளர்வது. வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டும் சாந்தும் கலந்த மண்ணில் கார்டிஃபோலியத்தை நட்டால் இலை வெளிறித் திணறும்.

வறட்சி தாங்கும் என்பதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. வேர் பிடித்த செடிதான் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் முதல் மழை விழுந்ததும் நடு. குளிர்கால மழை முழுவதும் வேருக்குக் கிடைக்கும். முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறை காலையில் ஆழமாக நனையும்படி ஊற்று. அதன் பிறகு கையைக் கட்டிக்கொள். வெயில் காலத்தில் மண் சதா ஈரமாக இருந்தால் ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் வரும். அது தாக்கிய செடி தாகத்தில் வாடியதைப் போலவே தொங்கும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் ஒரு வாளி ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது. வாடினால் முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்.

உரம் போடாதே. மேல்மண்ணில் கொத்துக் கொத்தாகப் படரும் இவற்றின் நுண்வேர்கள், கிடைக்கிற துளி பாஸ்பரஸையும் உறிஞ்சிவிடும். அள்ளிக் கொடுத்தால் அதுவே நஞ்சு, இலை கருகும். 2018 பிப்ரவரியில் கேப் டவுனில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று கட்டுப்பாடு வந்தபோது குளித்த நீரும் துவைத்த நீரும் தோட்டங்களுக்குப் போயின. சிக்கனம் நல்லதுதான். ஆனால் பாஸ்பேட் உள்ள சலவைத்தூள் கலந்த தண்ணீரைப் பின்குஷனுக்கு மட்டும் ஊற்றாதே. அந்த மேல்வேர்கள் அறுபடாமலிருக்க அடியைக் கொத்தவும் கூடாது. களையைக் கையால் பிடுங்கு, மரப்பட்டைத் துண்டுகளால் மூடு.

பூ வாடியதும் எல்லாத் தலைகளையும் வெட்டிவிடாமல் சிலவற்றை விட்டுவை. இரண்டு மாதத்தில் விதை உதிரும். அதன் மேலுள்ள சதைக்காக உள்ளூர் எறும்புகள் அதை இழுத்துப்போய் மண்ணுக்கடியில் புதைக்கும். வந்தேறியான அர்ஜென்டினா எறும்பு சதையைத் தின்றுவிட்டு விதையை மேலேயே போட்டுவிடும், பிறகு அது எலிக்குத்தான். உன் முற்றத்தில் அந்த எறும்பு மொய்த்தால், உதிரும் சமயத்தில் பூத்தலைக்கு மெல்லிய துணிப்பை கட்டி விதையை நீயே எடுத்துவை. பகல் வெதுவெதுப்பாகவும் இரவு குளிராகவும் இருக்கும் இலையுதிர் காலத்தில் மணலில் விதை.

அன்புடன்,
உன் அண்ணன்