ஜமாஅத்தும் கைப்பேசியும்



இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், கடையில் உட்கார்ந்திருக்கும் போது நம்மிடமே பலர் கேட்ட கேள்வியாகும். "மக்காவின் தொழுகை கைப்பேசியில் தெரிகிறது. நல்ல ஆலிம்களின் பயானும் குத்பாவும் உட்கார்ந்த இடத்திலேயே கேட்கிறது. அப்படியிருக்கக் கடையை அடைத்து, வண்டி பிடித்து, வெயிலில் பள்ளிவாசலுக்குப் போவானேன்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் தீனை வெறுப்பவர்கள் அல்லர். தோட்டப்புறத்தில் தூரத்தோடும் வேலையோடும் போராடுபவர்கள். ஆகவே அவர்களைக் கடிந்துகொள்ளாமல், சட்டம் என்ன, அதன் நோக்கம் என்ன என்று நிதானமாகப் பார்ப்போம். நாம் ஆலிமல்ல. ஓதப்பள்ளியில் ஓதியதையும் பெரியோரிடம் கேட்டறிந்ததையும் வைத்தே எழுதுகிறோம்.

பூட்டிய பள்ளியும் திறந்த கடையும்

இந்தக் கேள்வி பெரிதாக எழுந்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் சுமார் 16,000 பேர் கூடினார்கள். கொரோனா நோய் அங்கிருந்து பரவியது. அந்தத் தொடர்பில் மட்டும் 3,375 பேருக்கு நோய் கண்டதாக அரசாங்கம் பின்னர் அறிவித்தது. 2020 மார்ச் 18 முதல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிவாசல்களும் சூராவ்களும் பூட்டப்பட்டன. அந்த ஆண்டு ரமலானில் தராவீஹ் வீட்டில். மே 24 அன்று பெருநாள் தொழுகையும் வீட்டில். ஹஜ்ஜுக்கும் நம் நாட்டிலிருந்து ஒருவரும் போக முடியவில்லை.

மளிகைக் கடைகளுக்கு அனுமதி இருந்தது. நம் கடை திறந்திருக்க, எதிரே சூராவ் பூட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே அரிசி நிறுத்துக் கொடுத்தோம். அந்த வருத்தம் சொல்லி முடியாது.

அப்போது பள்ளியைப் பூட்டியது தவறா? இல்லை. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருப்பவர்கள் ஓடி வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் போகையில், கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு ஸர்கு என்னும் இடத்திலிருந்து திரும்பியது சரித்திரம். கடும் மழையின் போது வீடுகளிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கிலேயே அறிவிக்கச் செய்ததும் ஹதீஸில் இருக்கிறது. உயிரைக் காக்கும் போது சலுகை உண்டு என்பது மார்க்கத்தின் கிருபை. ஆனால் மழை நின்ற பிறகும் குடையை விரித்தபடியே வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரை என்னவென்று சொல்வது? இன்று நம்மில் பலருடைய நிலை அதுதான்.

மஸ்அலா என்ன சொல்கிறது?

இமாமைப் பின்தொடர்ந்து தொழுவதற்குச் சில ஷர்த்துகள் உண்டு. பின்பற்றும் நிய்யத்து வேண்டும். இமாமுக்கு முன்னால் நிற்கக் கூடாது. இமாமின் அசைவுகள் பார்த்தோ கேட்டோ தெரிய வேண்டும். இவற்றோடு இமாமும் மஅமூமும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கவும் வேண்டும். கைப்பேசி மூன்றாவது ஷர்த்தை நிறைவேற்றலாம். கடைசி ஷர்த்தை அதனால் நிறைவேற்ற முடியாது.

நம் நாட்டில் நடைமுறையில் உள்ள ஷாஃபிஈ மத்ஹபின்படி, இருவரும் ஒரே பள்ளிக்குள் இருந்தால் தூரம் ஒரு தடையல்ல. பள்ளிக்கு வெளியே என்றால் இடைவெளி சுமார் 300 முழத்துக்கு மேற்படக் கூடாது. போய்ச் சேர முடியாதபடி மறிப்பும் இருக்கக் கூடாது. முழத்துக்கு ஒன்றரை அடி என்று கணக்கிட்டால் 450 அடி. நம்மில் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலும், வண்டி போகும் பாதையோ படகு போகும் ஆறோ குறுக்கிட்டு ஸஃப்பு தொடராமற் போனால் பின்தொடர்தல் செல்லாது. ஒரு பாதை குறுக்கிட்டாலே இந்தச் சட்டம் என்றால், பஹாவுக்கும் மக்காவுக்கும் நடுவே கடலும் பாலைவனமும் இருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"ஒலிபெருக்கியை ஒப்புக்கொள்கிறோமே, அதுவும் இயந்திரம்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பள்ளிக்குள் ஆள் வந்து நின்ற பிறகு, இமாமின் சத்தத்தைக் கடைசி ஸஃப்புக்குக் கொண்டுபோவதே ஒலிபெருக்கியின் வேலை. வராத ஆளை வந்தவராக ஆக்குவது அதன் வேலையல்ல. சத்தம் வந்து சேருவது வேறு. ஆள் வந்து சேருவது வேறு.

ஜும்ஆவின் விஷயம் இன்னும் கண்டிப்பானது. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு அவ்வூரில் குடியிருக்கும், பருவமடைந்த ஆண்கள் 40 பேர் வேண்டும். குத்பாவின் ருகுன்கள் அவர்கள் காதில் விழவும் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இமாமைத் தவிர மூவர் போதும். இரண்டிலும் தலைகளை எண்ணுகிறார்களேயன்றி, கேட்கும் கருவிகளை எண்ணவில்லை.

இது புதிய கேள்வியா?

இல்லை. வானொலி வந்த காலத்திலேயே இது கேட்கப்பட்டது. மொராக்கோ நாட்டுப் பேரறிஞர் அஹ்மத் அல் குமாரி என்பவர் (வஃபாத்து 1960), வானொலியின் பின்னால் வீட்டிலிருந்தே ஜும்ஆ தொழலாம் என்று ஒரு தனி நூலே எழுதினார். பெரும்பாலான ஆலிம்கள் அதை ஏற்கவில்லை. வீட்டுக்கு வீடு வானொலியின் முன் நின்றால், பள்ளியில் இமாமும் மோதினாரும் மட்டுமே மிஞ்சுவார்கள், ஜும்ஆ என்ற சொல்லுக்கே பொருளான ஒன்றுகூடல் எங்கே போகும் என்ற அச்சம் நியாயமானதே.

ஆனால் வானொலியைக் கல்விக்குப் பயன்படுத்துவதை யாரும் தடுக்கவில்லை. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையால் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் பயன் பெற்றன! கைப்பேசியையும் அந்த வரிசையில் வைக்க வேண்டும். கற்பதற்குக் கருவி ஆகும். தொழுகைக்கு ஸஃப்பு ஆகாது.

நமக்குத் தெரிந்த வியாபாரச் சட்டம்

வியாபாரிகளுக்கு இது எளிதில் விளங்கும். அரிசிக்கு விலை பேச வேண்டுமானால் தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்கிறோம்; அது செல்லும். ஆனால் தங்கத்துக்கு வெள்ளி மாற்றும் போது, இருவரும் அந்த இடத்தைவிட்டுப் பிரிவதற்கு முன் கைக்குக் கை மாறியாக வேண்டும் என்பது ஷரீஅத். வாய்ப்பேச்சு மட்டும் அங்கே போதாது. சில காரியங்களுக்குச் சொல் போதும், சில காரியங்களுக்கு ஆளே வர வேண்டும் என்று நம் தொழிலிலேயே மார்க்கம் பிரித்துக் காட்டியிருக்கிறது. ஜமாஅத்து இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

ஏன் இவ்வளவு வலியுறுத்தல்?

தனியே தொழுவதைவிட ஜமாஅத்துத் தொழுகை 27 மடங்கு மேலானது என்று ஓர் அறிவிப்பு; 25 மடங்கு என்று மற்றோர் அறிவிப்பு. போர்க்களத்தில் எதிரி எதிரே நிற்கும் போதுகூட, படையை இரண்டாகப் பிரித்து முறை வைத்து ஜமாஅத்தாகத் தொழும் வழியை குர்ஆன் காட்டுகிறது. கண் தெரியாத ஸஹாபி ஒருவர், அழைத்துவர ஆளில்லை என்று சலுகை கேட்டார். பாங்கு கேட்கிறதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். கேட்கிறது என்றதும், அப்படியானால் வாரும் என்றே சொன்னார்கள்.

இந்த வலியுறுத்தலின் காரணங்களில் ஒன்றை நாம் கண்ணாலேயே கண்டோம்.

நம் கடைக்கு அருகிலுள்ள தோட்டத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்நாளில் பால் மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். கட்டுப்பாட்டுக் காலத்துக்கு முன் சுபுஹுக்கும் மஃரிபுக்கும் சூராவில் தவறாமல் நிற்பார். பிறகு பேரன் கைப்பேசி வாங்கிக் கொடுத்தான். பயான் அதிலேயே கிடைத்தது. சூராவ் மறுபடியும் திறந்த போது அவர் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

ஒரு நாள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். ஒரு பகலும் ஓர் இரவும் யாருக்கும் தெரியாது. இரண்டு நாளாக ரொட்டி வாங்க வரவில்லையே என்று பையனை அனுப்பியதால்தான் நமக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் பார்க்கப் போன போது அவர் சொன்னார்: "தம்பி, அந்தக் கைப்பேசி சார்ஜ் தீருகிற வரைக்கும் பக்கத்து அறையில் பேசிக்கொண்டே இருந்தது. நான் கூப்பிட்டது அதற்குக் கேட்கவில்லை."

அந்தச் சொல் நம்மைத் தூங்கவிடவில்லை. முன்பெல்லாம் ஒரு சுபுஹுக்கு வராவிட்டால், தொழுது முடித்ததும் ஒருவர் போய் அவர் கதவைத் தட்டியிருப்பார். பள்ளியைப் பெருக்கிச் சுத்தம் செய்த ஒருவரைக் காணாமல் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததும், மவுத்தான செய்தி தமக்குச் சொல்லப்படவில்லையே என்று வருந்தி, கபருக்கே போய்த் தொழுததும் ஹதீஸில் காணும் செய்தி. வராதவரைத் தேடுவது ஜமாஅத்தின் வேலைகளில் ஒன்று. எல்லோருமே வராதவர்கள் ஆகிவிட்டால் யாரை யார் தேடுவது?

நம் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த நாட்களில் நாமும் சூராவுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம் வரும் நேரம் என்று கல்லாவில் உட்கார்ந்து, கைப்பேசியில் குத்பா கேட்டுவிட்டு லுஹர் தொழுத வாரங்களும் உண்டு. கேட்டோமே என்ற திருப்தி வேறு! அல்லாஹ் மன்னிப்பானாக.

ஜும்ஆ சூராவின் கடைசி ஆயத்துகள் நம் போன்றவர்களுக்கென்றே இறங்கியவை போல இருக்கின்றன. அழைப்பு வந்தால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையுங்கள், தொழுகை முடிந்ததும் கலைந்து போய் அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்பது அவற்றின் கருத்து. மதீனாவுக்கு வணிகக் கூட்டம் வந்த சத்தம் கேட்டு, குத்பாவில் நின்ற நாயகத்தை விட்டுவிட்டு மக்கள் எழுந்து ஓடியது அதே இடத்தில் நினைவுபடுத்தப்படுகிறது; பன்னிரண்டு பேரே மிஞ்சினார்கள் என்பது ஹதீஸில் இருக்கிறது. வியாபாரத்தை மார்க்கம் தடுக்கவில்லை. எந்த நேரத்தில் என்பதைத்தான் வகுத்திருக்கிறது.

நாம் செய்யக் கூடியவை

1. வெள்ளிக்கிழமை 12.30 மணி முதல் தொழுகை முடியும் வரை நம் கடைகளை அடைப்போம். எல்லோரும் அடைத்தால் ஒருவர் வியாபாரம் மற்றொருவருக்குப் போகாது.

2. தோட்டத்துச் சூராவில் ஜும்ஆ நடப்பதில்லை. ஆகவே சரக்கு ஏற்றும் வேன் வைத்திருப்பவர்கள், வண்டியில்லாத பெரியவர்களையும் தொழிலாளர்களையும் பட்டணத்துப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லலாம். தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்து, இந்தோனேசியச் சகோதரர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மொழி வேறானாலும் கிப்லா ஒன்றே.

3. சூராவில் ஒரு நாளைக்கு ஒரு வக்தாவது ஜமாஅத்து நடக்கட்டும். மஃரிப் என்றால் பலருக்குச் சௌகரியம்.

4. வயதானவர்கள், நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று கடையில் இருக்கட்டும். இரண்டு நாள் காணாவிட்டால் ஆள் அனுப்புவோம்.

5. ஓதிக் கொடுக்க ஆலிம்சா கிடைக்காத தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழி பாடம் நடக்கட்டும். வாரம் ஒரு முறையேனும் அவர்கள் உஸ்தாதின் முன் உட்கார்ந்து ஓதிக் காட்டட்டும்.

நோயாளிகளுக்கும், வர இயலாதவர்களுக்கும், அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் சலுகை என்றும் உண்டு. அவர்கள் வீட்டில் தொழுதுகொள்ளலாம். பயான் கேட்டு மனம் தேறலாம். அவர்களை யாரும் குறை சொல்லலாகாது. நாம் சொல்வது கால் நன்றாக இருப்பவர்களுக்கு.

அந்தப் பெரியவர் இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். மஃரிபுக்கு அவரை அழைத்துவரும் முறையை நாலு பேர் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை நம் முறை. அன்று ஆறரை மணிக்குக் கல்லாவைப் பூட்டிவிடுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், கடையில் பரக்கத் குறையவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் கடைகளிலும் பரக்கத் செய்வாயாக. எங்கள் கால்களை உன் பள்ளிகளுக்கு நடக்கும் கால்களாக ஆக்குவாயாக. எங்களில் ஒருவர் விழுந்தால் மற்றவருக்குத் தெரியும் ஜமாஅத்தாக எங்களை வைப்பாயாக. ஆமீன்.