மலைநகரில் ஒரு கடற்படைத் தலைவர்

பேராதனைப் பூங்காவின் மரநிழலில் உலாவும் நம் மாணவர்களுள், ஒரு காலத்தில் அங்கிருந்தே தென்கிழக்காசியப் பெரும்போர் நடத்தப்பெற்றதென அறிந்தோர் சிலரேயாவர். கடலைக் காண மலையிறங்கிச் செல்லவேண்டிய இந்நகரில், நேசப்படைகளின் உச்சத் தலைவராய் வீற்றிருந்தவர் ஒரு கடற்படையாளர் என்பது வியப்பன்றோ? அவரே லூயி மவுண்ட்பேட்டன் பிரபு.

1900ஆம் ஆண்டு வின்சரிற் பிறந்த அன்னார் 1913இல் கடற்படைப் பள்ளியிற் சேர்ந்தார். மறு ஆண்டே பேரிடி வீழ்ந்தது. பிரித்தானியக் கடற்படையின் தலைமைப் பதவியிலிருந்த தந்தையார், யேர்மானியக் குலத்திற் பிறந்தவரென்ற பழிச்சொற்கு ஆளாகி, 1914 ஒக்டோபரில் அப்பதவியைத் துறந்தார். பதினான்கு வயதுச் சிறுவனின் உள்ளத்தில் அஃது ஆறாப் புண்ணாயிற்று.

விரைவு மவுண்ட்பேட்டனுக்கு உடன்பிறந்த குணம், குற்றமும் அதுவே. அவர் செலுத்திய 'கெல்லி' என்னும் போர்க்கப்பல் 1941 மே 23இல் கிரீற் தீவருகே மூழ்க, நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். 1942 ஓகஸ்ற் 19இல் பிரான்சின் டியெப் துறைமுகத்தின்மீது நிகழ்ந்த படையெடுப்பு, அவர் தலைமை வகித்த நிலையத்தில் வகுக்கப்பெற்றது. அங்கு மடிந்த கனடிய வீரர் மட்டும் 900க்கு மேற்பட்டோர். அப்பழி அவரை இறுதிவரை விட்டகலவில்லை.

1944 ஏப்பிரலில் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது. பிரபு கண்டித் தேசாதிபதி மாளிகையில் வதிந்தார். வாவிக்கரைச் சுவிஸ் ஹோட்டலும் படையினர் வசமாயிற்று. போர்முனைக்கு இத்துணைத் தொலைவிலா தலைமையகம் எனக் குறைகூறினோர் பலர். கீழைக் கடற்படைத் தளபதி சொமவில்லோ, வயதிலும் அநுபவத்திலும் தம்மினும் இளையவர்க்குக் கீழ்ப்படிய எளிதில் இசைந்தாரல்லர்.

எனினும், இங்கு நாம் காண்பது வேறொரு மவுண்ட்பேட்டன். பர்மாவில் மாரி தொடங்கினாற் போர் ஓய்வது வழக்கம். மழையிலும் பகைவரைத் தொடரவேண்டுமென அவர் துணிந்தார். ஆனால் ஆயத்தமின்றித் துணிந்தாரல்லர். 1943இல் காயமுற்று அகற்றப்பட்ட ஒருவனுக்கு நோயுற்று அகற்றப்பட்டோர் 120 பேர் என்பது தளபதி சிலிமின் கணக்கு. யப்பானியரினும் நுளம்பே கொடிய பகை! ஆகவே, மலேரியாவுக்குப் போர்முனையருகிலேயே மருத்துவ நிலையங்கள் அமைந்தன. வீரர் நாள்தோறும் மெபகிறின் வில்லை உண்டனர். உணவும் மருந்தும் விமானத்திற் சென்றன. 1944 யூன் 22இல் இம்பால் முற்றுகை உடைந்தபின், படைகள் மழையூடே முன்னேறின. களத்தில் வென்றவர் சிலிமே. அவர்க்கு வேண்டியன கிடைக்கச் செய்ததே கண்டியிலிருந்தவரின் பெருமை. 1945 செப்ரெம்பர் 12இல் சிங்கப்பூரில் அவர் முன்னிலையில் யப்பானியர் சரணடைந்தனர்.

மருத்துவர் சொற் கேட்டு மழைக்கும் திட்டமிட்ட அவரே, 1947இல் இந்தியாவின் இறுதி இராசப்பிரதிநிதியாகியபோது, 1948 யூனுக்குள் முடிக்கப் பணித்த ஆட்சிமாற்றத்தை 1947 ஓகஸ்ற் 15க்கு முன்தள்ளினார். யப்பான் பணிந்த நாளின் இரண்டாம் நிறைவாதலின் அந்நாளைத் தெரிந்தேன் எனப் பின்னர் கூறினார். எல்லைக்கோடோ ஓகஸ்ற் 17இலேதான் வெளியாயிற்று. தம் ஊர் எந்நாட்டினது என்றறியாமலே இலட்சக்கணக்கானோர் விடுதலை நாளைக் கண்டனர். படுகொலைகளிற் பல இலட்சம் பேர் மாண்டனர். பிரிவினைப் பகையை அவர் ஒருவர்மேற் சுமத்துதல் தகாது. ஆயினும், பேராதனையிற் காட்டிய பொறுமையில் ஒரு பங்கையேனும் டில்லியிற் காட்டியிருக்கலாகாதா என நாம் வினவாதிருத்தல் இயலாது.

1955இல், தந்தை துறந்த அதே பதவியில் மைந்தர் அமர்ந்தார். 1979 ஓகஸ்ற் 27இல், அயர்லாந்துக் கரையோரம் அவர் சென்ற படகில் ஐரியக் குடியரசுப் படையினர் வைத்த குண்டு வெடித்து உயிர்நீத்தார்.